பதினோரு மணிக் கட்டம்

குடிநீர் நிலையத்தில் அவளுக்குக் காலிக்கட்டம் என்று பெயர். வைத்தவர்கள் கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். அவள் கோபித்துக்கொள்ளாமல் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கத் தொடங்கியதும் கிண்டல் ருசி இழந்துபோய், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அவள் வேலையைச் சொல்வது எளிது. மணிக்கொரு முறை குழாயைத் திறந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடிக்கவேண்டும். குப்பியைத் துடைத்துக் கருவிக்குள் வைத்தால், தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று ஓர் எண் வரும். அதைப் பதிவேட்டில் அந்த மணிக்குரிய கட்டத்தில் எழுதவேண்டும். ஒன்றுக்குக் கீழே இருந்தால் ஊருக்கு அனுப்பலாம். மேலே போனால் வால்வை மூடச் சொல்லி ஓடவேண்டும். எட்டு மணி நேரத்துக்கு எட்டுக் கட்டம். இதில் என்ன கஷ்டம் என்று கேட்கிறவர்கள் ஒரு மாதம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும். டீ குடிக்கப் போன இடத்தில் பேச்சு நீளும், போன் வரும், மழை வரும், மணி தப்பிப்போகும். தப்பிய கட்டத்துக்கு நிலையத்தில் ஒரு கைவைத்தியம் இருந்தது. முந்தின மணி அளவையும் பிந்தின மணி அளவையும் கூட்டி, இரண்டால் வகுத்து, நடுவில் எழுதிவிடுவது. அதற்கு 'அக்கம்பக்கம் போடுவது' என்று பெயர். மேலதிகாரிகளுக்கு இது தெரியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மேலதிகாரிகளும் ஒரு காலத்தில் போட்டவர்கள்தான்.

இவள் மட்டும் போடமாட்டாள். மணி தப்பினால் கட்டத்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் 'எடுக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு, மாதக் கடைசியில் அதற்காகத் திட்டும் வாங்கிக்கொள்வாள். பெயர் வந்த கதை இதுதான்.

இப்போது பதிவேட்டுக்கே மூடுவிழா வந்துவிட்டது. அடுத்த ஆண்டு முதல் குழாய்க்குள்ளேயே கருவியைப் பொருத்தப்போகிறார்கள். எண்ணை அதுவே எழுதிக்கொள்ளும். பதிவு எழுதுகிறவர்களில், அறிவியல் தகுதித் தேர்வில் நாற்பதுக்கு இருபத்தெட்டு வாங்குகிறவர்கள் அதே நிலையத்தின் ஆய்வகத்தில் உதவியாளராகலாம், நிரந்தர வேலை. வாங்காதவர்கள் ஊரின் மறுகோடியில், இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய பம்ப் ஹவுசுக்குக் கேட்டைத் திறந்து மூடப் போகவேண்டியதுதான். மூன்று முறை எழுதலாம், மூன்றாவதோடு சரி. அவளுக்கு ஆய்வகம் வேண்டும். பதின்மூன்று ஆண்டுகளாக அதன் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று குப்பிகளை நீட்டியவள் அவள். உள்ளே இருக்கிறவர்கள் செய்வது தனக்கும் வரும் என்று அவளுக்குத் தெரியும். அந்த ஆசையை வாய்விட்டுச் சொல்லத்தான் கூச்சம்.

முதல் முறை நேரம் போதவில்லை. இரண்டாம் முறை நேரம் மிச்சமிருந்தது, மதிப்பெண் போதவில்லை. இருபத்துநான்கு.

மதிப்பெண் தாளை மூக்குக் கண்ணாடி வழியாக மேலும் கீழும் ஆராய்ந்தவர் அவள் கணவர். தையல்காரர். தெருவைப் பார்த்த ஓர் அறையில் இரண்டு தையல் எந்திரமும் நீளமான வெட்டுமேசையும் போட்டுக் கடை நடத்துகிறார். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை அந்தக் கடைக்கு ஈ காக்கை வராது.

"மத்ததெல்லாம் இருபத்தஞ்சுக்குப் பதினஞ்சு. சரி, போகட்டும். அட்டவணையும் வரைபடமும் பதினஞ்சுக்கு ஒன்பது. ஏம்மா, நீ நாள் பூரா அட்டவணைக்குள்ளதான குடியிருக்க? அதுல எப்படிக் கோட்டை விட்ட?"

"தெரியலீங்க."

"மூணாவது தடவையும் தெரியலன்னு வந்து நின்னா பஸ் பாஸ்தான் வாங்கணும்."

அன்றிலிருந்து, காலை வேலை முடிந்து அவள் நேராகக் கடைக்கு வந்துவிட, வெட்டுமேசையின் ஒரு முனையில் மாதிரி வினாப் புத்தகம் விரிந்தது. அவர் கேள்வி படிப்பார், கை அதுபாட்டுக்கு மடிப்பு தைத்துக்கொண்டிருக்கும். அவள் பதில் சொல்வாள்.

தொடக்கம் அமர்க்களமாகத்தான் இருந்தது. வரைபடம் என்றால் எல்லோரும் முதலில் கோட்டைப் பார்ப்பார்கள். அவள் கோட்டைத் தொடவே மாட்டாள். அடியில் என்ன எழுதியிருக்கிறது, ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது, எந்த எண்ணில் தொடங்குகிறது என்று அங்கிருந்துதான் வருவாள். ஒரு படத்தில் கோடு மலை மாதிரி ஏறுவதைப் பார்த்து அவர் வாயைப் பிளந்தார்.

"அடேங்கப்பா, என்னமா ஏறியிருக்கு."

"எங்க ஏறியிருக்கு? ஓரத்தைப் பாருங்க. தொண்ணூத்துலதான் ஆரம்பிக்குது. தொண்ணூத்தொண்ணா இருந்தது தொண்ணூத்திமூணு ஆயிருக்கு. இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

இன்னொரு பக்கத்தில் ஓர் அட்டவணை. இரண்டு, நான்கு, ஆறு, எட்டு என்று எண்கள் சீராக ஏறின. அவள் உதட்டைப் பிதுக்கினாள். "இது யாரோ உக்காந்த எடத்துல எழுதுனது. நெசமா அளந்திருந்தா இப்படி வரிசைல நிக்காது." தையல்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. இவ்வளவு தெரிந்தவளுக்கு ஒன்பதா என்று தேர்வு வாரியத்தின் மீதே சந்தேகம் வந்தது.

சந்தேகம் ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது. ஒரு செடியின் உயரத்தைப் பற்றிய கேள்வி அது. இரண்டாம் நாள் நான்கு சென்டிமீட்டர், நான்காம் நாள் எட்டு. மூன்றாம் நாள் ஏறத்தாழ எவ்வளவு இருந்திருக்கும்? அ: மூன்று, ஆ: ஆறு, இ: பத்து, ஈ: தரவு போதாது.

"ஈ," என்றாள்.

"ஆறும்மா. நாலுக்கும் எட்டுக்கும் நடுவுல ஆறு."

"மூணாம் நாள் அளந்தாங்களா?"

"அளக்கல."

"அப்புறம் எப்படி ஆறு?"

அவர் ஊசியை மேசையில் குத்தி வைத்தார். "இங்க பாரு. முப்பத்தாறு இஞ்ச் மார்புக்கு இவ்வளவு துணி, நாப்பதுக்கு இவ்வளவுன்னு என் நோட்டுல இருக்கு. முப்பத்தெட்டு வந்து நின்னா, உன் அளவு என் நோட்டுல இல்ல, வீட்டுக்குப் போன்னு அனுப்பிடுவேனா?"

"முப்பத்தெட்டு வந்து நின்னா டேப்பை எடுத்து அளப்பீங்க. யோசிச்சா வெட்டுவீங்க?"

அவர் பேனாவை எடுத்தார். அந்த வாரம் அவள் தவறவிட்ட கேள்விகளையெல்லாம் குறித்துக்கொண்டே வந்தார். பதினைந்துக்கு ஆறு தப்பு. ஆறிலும் அவள் விடை ஈ. நடுவில் அளக்காத நாள், கோடு முடிந்த பிறகு வரும் மணி, இரண்டு புள்ளிக்கு இடைப்பட்ட வெப்பம் என்று எங்கெல்லாம் கண்ணால் பார்க்காத ஓர் எண்ணைக் கேட்டார்களோ, அங்கெல்லாம் வண்டி படுத்துவிட்டது.

"ஆறு தப்பு இல்லம்மா இது. ஒரே தப்பை ஆறு தடவை பண்ணியிருக்க," என்றார். "எடுக்காத அளவைச் சொல்லமாட்டேன்னு இங்கயும் வந்து உக்காந்திருக்க. பரீட்சைல கேக்குறாங்க, கோர்ட்லயா கேக்குறாங்க? அங்க எல்லாரும் போடுறதுதான. நீ ஒரு தடவைகூடப் போட்டதில்லையா?"

சாதாரணமாகக் கேட்டார். அவள் புத்தகத்தை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

"ஒரு தடவை போட்டிருக்கேன்," என்றாள்.

பதினோரு ஆண்டுகளுக்கு முந்தைய கதை. ஒரு செவ்வாய்க்கிழமை நிலையத்தின் கேன்டீனில் ஓய்வுபெறும் ஒருவருக்குக் கேக் வெட்டினார்கள். பத்து மணி அளவு எடுத்துவிட்டுப் போனவள் சிரிப்பும் பேச்சுமாக இருந்துவிட்டு, பன்னிரண்டுக்குத்தான் திரும்பினாள். பத்து மணிக்கு 0.6. பன்னிரண்டுக்கு 0.8. பதினோரு மணிக் கட்டத்தில் 0.7 என்று எழுதினாள். எல்லோரும் செய்வதுதானே. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது அந்த வரிசை. மறுநாள் ஃபிட்டர் பேச்சுவாக்கில் சொன்னார்: நேற்றுப் பதினோரு மணிக்கு இரண்டாம் நம்பர் வடிகட்டியைக் கழுவிவிட்டுத் திறந்தேன், கேக் அவசரத்தில் முதல் அழுக்குத் தண்ணீரை வெளியே விட மறந்து நேராக ஊர்க்குழாய்க்கு அனுப்பிவிட்டேன், நல்லவேளை, உன் பதிவேட்டில் ஒன்றும் தெரியவில்லை.

"பதினோரு மணிக்கு நான் குப்பியைப் பிடிச்சிருந்தா எண் எகிறியிருக்கும். வால்வை மூடச் சொல்லி ஓடியிருப்பேன். அந்தத் தண்ணி நம்ம பக்கத்துக்குத்தான் வந்துச்சு," என்றாள். "வியாழக்கிழமைதான் நம்ம பொண்ணுக்கு வயித்தாலயும் வாயாலயும் போச்சு. நம்ம தெருவுல இன்னும் நாலு வீட்லயும்."

தையல் எந்திரம் எப்போதோ நின்றிருந்தது.

அந்த வியாழனை அவரும் மறந்ததில்லை. மகளுக்கு அப்போது மூன்று வயது. மூன்று நாள் மருத்துவமனை, கையளவு உடம்பில் சலைன். அதே செவ்வாய் மாலை கடைவாசலில் வந்த வண்டியில் அவர் அவளுக்கு ஒரு குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்திருந்தார். அதனால்தான் என்று அன்றே முடிவு செய்துவிட்டார். மகளுக்கு இப்போது பதினான்கு வயது. இன்றுவரை வெளியில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க விடமாட்டார். பள்ளிச் சுற்றுலாவுக்கும் வீட்டுப் பாட்டில்தான். தோழிகள் சிரிக்கிறார்கள் என்று அவள் சண்டை போடுவாள், அப்பா அசையமாட்டார். ஏன் என்று யாராவது கேட்டால், "நான் ஒரு தடவை பண்ணது போதும்" என்பார். இதெல்லாம் மனைவியின் கண்முன்னால்தான் நடந்தது. அவள் மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. முதலில் வேலை போய்விடும் என்ற பயம். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கம். பிறகு ஆண்டுகள் கூடிப்போனதே சொல்லாமல் இருக்கக் காரணமாகிவிட்டது. அவளை எனக்குப் பிடிக்கும். ஆனாலும் இது பெரிய தப்பு, சின்னத் தப்பு என்று நான் பூசி மெழுகப்போவதில்லை.

"பதினோரு வருஷம்," என்றார் அவர், சட்டையின் பொத்தானைப் பார்த்துக்கொண்டு. "நான் ஐஸ்னு சொல்லும்போதெல்லாம் நீ கேட்டுக்கிட்டுத்தான இருந்த."

"ஆமாங்க."

கடையை அன்று மூன்று மணிக்கே சாத்திவிட்டார். அடுத்த இரண்டு நாளும் வீட்டில் பேச்சு உப்பு எங்கே, சாவி எங்கே என்ற அளவில் நின்றது. சத்தம் போட்டிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. ஒரு வாடிக்கையாளரின் சட்டைக்குக் கழுத்துப் பட்டையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டு, பிரித்து மறுபடி தைத்தார். அதுதான் கோபம்.

மூன்றாம் நாள் மதியம் அவள் வேலை முடிந்து வந்தபோது புத்தகம் வெட்டுமேசையில் திறந்திருந்தது.

"ஒண்ணு கேக்குறேன்," என்றார். "தண்ணியாலயா ஐஸாலயா?"

"தெரியாதுங்க. நெசமாவே தெரியாது. தண்ணியாதான் இருக்கும்."

"நாலு வீட்டுப் பிள்ளைங்களும் அந்த வண்டில ஐஸ் வாங்குன பிள்ளைங்கதான். அன்னைக்கு வெயில் வேற. உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இதுக்குத்தாம்மா அந்த நாலாவது விடை. இதுக்குப் போடு. செடிக்குப் போடாத."

அவள் அழுதாள். அவர் ஒரு வெட்டுத் துணியை எடுத்து நீட்டினார், அதுவும் ஏதோ திரைச்சீலையின் மிச்சம், முரட்டுத் துணி. துடைத்துக்கொண்டாள்.

"கோவம் போயிடுச்சான்னு கேக்காத, போகல. அது பாட்டுக்கு அது போகும்," என்றவர் செடிக் கேள்வியில் விரலை வைத்தார். "இதைப் படி. என்ன கேட்டிருக்காங்க?"

"மூன்றாம் நாள் ஏறத்தாழ எவ்வளவு இருந்திருக்கும்."

"ஏறத்தாழ. ஊகந்தான்னு கேக்குறவனுக்கே தெரியும். நீ அன்னைக்கு 0.7னு ஊகிச்சது தப்பில்ல. கண்ணால பார்த்த மாதிரி எழுதுன பாரு, அதுதான் தப்பு. ஏறத்தாழன்னு பக்கத்துல ஒரு வார்த்தை எழுதியிருந்தா, யாரும் அளக்கலன்னு தெரிஞ்சு அந்த ஃபிட்டரே உன்கிட்ட ஓடி வந்திருப்பான்."

அவள் அந்தச் சொல்லின் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டாள். பிறகு, "ஆ. ஆறு," என்றாள்.

அதற்குப் பிறகு பிடித்த வேகத்தை அவராலேயே எட்டிப்பிடிக்க முடியவில்லை. இரண்டு புள்ளிக்கு நடுவே ஊகிக்கலாம். கோடு முடிந்த பிறகு கொஞ்ச தூரம் ஊகிக்கலாம், ரொம்ப தூரம் போகக்கூடாது. இரண்டு கோடுகள் சேர்ந்து ஏறினால் ஒன்றால்தான் மற்றது ஏறியது என்று சொல்லிவிடக்கூடாது, அங்கே நாலாவது விடை. மாதிரித் தேர்வில் பதினைந்துக்குப் பதினைந்து வந்த அன்று தையல்காரர் எதிர்க்கடைக்குப் போய் அந்தத் தாளைக் காட்டிவிட்டு வந்தார்.

தேர்வு ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. குட்டைப் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தாள். விடைத்தாளில் நாற்பது வரிசை, வரிசைக்கு நான்கு வட்டம். சரியான வட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக்கவேண்டும். செல்களும் அமிலங்களும் அவளைக் கொஞ்சம் இழுத்தடித்தன. வரைபடப் பகுதிக்கு வந்ததும் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. ஓரத்தைப் பார், அடியைப் பார், கேட்டதைப் பார். ஏறத்தாழ என்ற சொல் வந்த இடங்களில் எல்லாம் தயங்காமல் ஊகித்தாள்.

முப்பத்தேழாவது கேள்வி ஓர் அட்டவணை. ஒரு குடியிருப்பில் ஏழு நாட்களில் குடிநீரின் கலங்கல் அளவு ஒரு வரிசையில், வயிற்று நோய் கண்டவர்களின் எண்ணிக்கை அடுத்த வரிசையில். மூன்றாம் நாள் கலங்கல் ஏறியிருந்தது, ஐந்தாம் நாள் நோய் ஏறியிருந்தது. நோய் கூடியதற்குக் காரணம் எது? அ: கலங்கிய நீர். ஆ: வெளியில் வாங்கிய தின்பண்டம். இ: வெயில். ஈ: தரவு போதாது.

விடை ஈ என்று அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனாள். நாற்பதையும் முடித்தபோது ஆறு நிமிடம் மிச்சமிருந்தது. அந்த ஆறு நிமிடம் இல்லாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்பி முப்பத்தேழுக்கு வந்தாள்.

தரவு போதாது என்றால் மூன்றும் அப்படியே நிற்கிறது என்று அர்த்தம். தண்ணீரும் நிற்கிறது, தின்பண்டமும் நிற்கிறது. அவர் பெரிய மனசோடு தனக்குத் தந்த விடை அது. அதை வாங்கிக்கொண்டு தன் பாதி சுமையை இறக்கிவைத்தாயிற்று; மீதிப் பாதியை அவர்தான் இன்னும் தூக்கிக்கொண்டு நிற்கிறார். நேற்றுக்கூட மகள் பையில் பாட்டிலைத் திணித்தாரே. அவள் ரப்பரை எடுத்தாள். முட்டாள்தனம் என்று தெரிந்தேதான் எடுத்தாள். இருபத்தெட்டுக்கு ஒன்று குறைந்தாலும் பம்ப் ஹவுஸ்தான், வாழ்நாள் முழுக்க இரண்டு பஸ்தான். ஈ வட்டத்தைத் தாள் கிழியாமல் பதமாக அழித்தாள். அ வட்டத்தைக் கறுப்பாக்கினாள். மணி அடித்தது.

முடிவு வர ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பதற்றம் என்று அவர் நினைத்தார், அவளும் அப்படியே விட்டுவிட்டாள். ஒரு மதியம் கடையில் அவர் போனில்தான் வந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"இருபத்தெட்டு," என்றார்.

"இன்னொரு தடவை பாருங்க."

"இருபத்தெட்டும்மா. ஒண்ணு குறையல, ஒண்ணு கூடல. தேர்ச்சி." பக்கத்துக் கடைக்காரர் எட்டிப்பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். அவள் துணி மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த ஒரு வட்டத்தோடு இன்னொரு சின்னப் பிசகு சேர்ந்திருந்தால் எல்லாம் போயிருக்கும்.

அவர் விரலால் திரையை மேலே தள்ளிப் படித்துக்கொண்டே போனார். "மத்தது பதினாலு. ஒண்ணு குறைஞ்சிருக்கு, பரவாயில்ல. அட்டவணையும் வரைபடமும் பதினஞ்சுக்குப் பதினாலு. பாத்தியா, பாத்தியா." தையல்காரர்களுக்கு ஒரு தையல் விட்டுப்போனாலும் கண் அங்கேதான் போகும். "பதினஞ்சுக்குப் பதினஞ்சு வாங்குற ஆளு நீ. அந்த ஒண்ணு எதும்மா?"

அவள் மறைக்கவில்லை. கேள்வியைச் சொன்னாள், நான்கு விடைகளையும் சொன்னாள், தான் போட்டதையும் சொன்னாள்.

"நாலாவதுன்னு நான்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

"தெரியும். முதல்ல அதைத்தான் போட்டேன். அப்புறம் அழிச்சேன்."

"ஏன்?"

"நாலாவதை அப்படியே விட்டா, அந்த ஐஸோட நீங்களும் அந்த வரிசைலயே நிக்கணும்ங்க," என்றாள். "நீங்க நிக்க வேணாம்."

அவர் போனை மேசையில் வைத்தார். நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் அதைப் போட்டுக்கொள்ளவில்லை.